வெடிக்காதா?

பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்களையும் ஹீட்டர்களையும் சேர்த்து வைக்கிறேன் என்று சொன்னால் யாரும் முதலில் விலை கேட்பதில்லை. எந்த நாட்டில் செய்தது என்றும் கேட்பதில்லை. "வெடிக்காதா?" என்றுதான் கேட்கிறார்கள். ஆண்கள் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். ஐம்பதைத் தாண்டிய பெண்கள் சிரிப்பில்லாமல் கேட்கிறார்கள்; கேட்டுவிட்டு அலமாரியிலிருந்து ஓரடி தள்ளி நிற்கிறார்கள். இரு தரப்புக்கும் நான் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். பம்பு ஸ்டவ் அவ்வளவு எளிதில் வெடிக்கிற சாமான் இல்லை என்று தொடங்கி, ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டிப் பாடமே நடத்திவிடுவேன். ஆண்கள் தலையாட்டிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். பெண்கள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரியும். அந்தப் பாடத்தில் பிழை ஏதும் கிடையாது. இன்று யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அது உண்மை என்றால், அதைத் தொடர்ந்து இன்னொரு கேள்வியும் வரத்தான் வேண்டும். அந்தக் கேள்வி என்னை விடுவதாக இல்லை.

முதலில் பாடம், பின்னால் தேவைப்படும் என்பதால். கீழே பித்தளைத் தொட்டி. முக்கால் பாகம் மண்ணெண்ணெய், அதற்கு மேல் வெறும் காற்று. பம்பை அடித்தால் அந்தக் காற்று நெருக்கப்பட்டு, எண்ணெயை நடுக்குழாய் வழியாக மேலே தள்ளும். மேலே இருக்கும் பர்னர் அதற்கு முன்பே நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். அதற்காகத்தான் பர்னருக்குக் கீழே ஒரு சிறு கிண்ணம். அதில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைப்பது முறை. ஸ்பிரிட்டுக்குக் காசு செலவழிக்க மனமில்லாத நம் வீடுகளில் மண்ணெண்ணெயில் நனைத்த துணி. சூடான பர்னருக்குள் எண்ணெய் ஆவியாகி, நிப்பிளின் ஊசித் துளை வழியாகச் சீறி வந்து, காற்றோடு கலந்து நீலமாக எரியும். அடுத்த வீட்டுக்குக் கேட்கும் அந்த இரைச்சல் இந்தச் சீற்றத்தின் சத்தம். தீ இருப்பது மேலே மட்டும்தான். தொட்டிக்குள் எண்ணெய் திரவமாகவே கிடக்கிறது. குறைந்தது 35 டிகிரி வரை சூடேறாமல் அதன் ஆவி பற்றிக்கொள்ளக் கூடாது என்பது மண்ணெண்ணெய்க்கான இந்தியத் தர விதி. பெட்ரோல் அப்படியல்ல, உறைகுளிரிலும் பற்றும். தொட்டிக்குள் இருக்கும் அழுத்தமோ மோட்டார் சைக்கிள் டயரில் இருப்பதைவிடக் குறைவு. காற்றுத் திருகைத் தளர்த்தினால் புஸ்ஸென்று காற்று இறங்கி, தீ அணைந்துவிடும். ஸ்டாக்ஹோமில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் 1892இல் செய்த அடுப்பு இது. பிரைமஸ் என்று பெயர் வைத்தார்கள். திரி இல்லை, புகை இல்லை, பாத்திரத்தில் கரி இல்லை. அடிப்படை அமைப்பு கடைசி வரை மாறவும் இல்லை.

நெய்யூர் டாக்டர் வீட்டுச் சாமான்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் குளிர் கிடையாது. மார்கழி அதிகாலையில் ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டால் போதும். அப்படிப்பட்ட ஊரில் ஹீட்டர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மலையிலிருந்து. அசம்பு மலைச் சரிவில் திருவிதாங்கூர் காலத்தில் வெள்ளைக்காரர்கள் முதலில் காப்பியும் பிறகு தேயிலையும் ரப்பரும் போட்டார்கள். பாலமோர், மாறாமலைப் பக்கத்துப் பங்களாக்களில் மழைக்காலத்தில் துணி காயாது, சுவரில் பூசணம் பிடிக்கும். என்னிடம் இருக்கும் ஒரே அசல் ஹீட்டர் அப்படியொரு பங்களாவின் தட்டுமுட்டு அறையிலிருந்து இறங்கி வந்தது. லண்டன் ஹென்டனில் டில்லி என்ற கம்பெனி செய்தது. கீழே பித்தளைத் தொட்டி, பக்கத்தில் பம்பு, மேலே வெப்பத்தை ஒரு திசையில் திருப்பி அனுப்பும் வட்டத் தகடு. ஸ்டவ்வின் அதே சூத்திரம்தான், சட்டியை மேலே வைப்பதற்குப் பதில் ஆளை எதிரே உட்கார வைத்திருக்கிறார்கள். இதை ஒரு மாலையில் கொளுத்திப் பார்த்தேன். என் மனைவி மின்விசிறியைப் போட்டார்.

சேகரிப்பவனுக்குப் பொருளைவிட அதைப் பற்றிய கதைகள்தான் அதிகம் கிடைக்கின்றன. இங்கே பழைய ஸ்டவ் விற்கிறவர்கள் எல்லோரும் சொல்கிற கதை ஒன்று உண்டு: "இது நெய்யூர் டாக்டர் வீட்டுச் சாமான்." சாமர்வெல்லைச் சொல்கிறார்கள். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் போனவர். 1924 ஜூன் 4ஆம் தேதி ஆக்சிஜன் உதவியில்லாமல் நார்ட்டனோடு 28,000 அடி உயரம் வரை ஏறி, தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சுத் திணறித் திரும்பியவர். பிறகு தன் ஆயுளின் நல்ல பகுதியை நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை செய்து கழித்தவர். பனியை உருக்கித்தான் குடிதண்ணீர் என்ற இடத்துக்குப் போய்வந்தவரிடம் நல்ல ஸ்டவ் ஒன்று இருந்திருக்கும் என்பது நியாயமான ஊகம். ஆனால் தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் எனக்குக் காட்டப்பட்ட ஸ்டவ்கள் எல்லாம் அவருடையவை என்றால், அந்த மனிதர் சம்பளம் முழுவதையும் ஸ்டவ் வாங்கியே தீர்த்திருக்க வேண்டும்.

எனவே கதையைக் காதில் வாங்கிக்கொண்டு பொருளைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். பெயரும் நம்பத்தக்கதல்ல. ஆப்டிமஸ், ரேடியஸ், ஸ்வேயா எனப் போட்டியாளர்கள் ஸ்வீடனிலேயே இருந்தார்கள். நம் நாட்டிலும் பட்டறைகள் பெருகியபின் எல்லாமே வாய்ப்பேச்சில் பிரைமஸ் ஆகிவிட்டன. அசல் பிரைமஸ் என்றால் 1911 முதல் ஆண்டுக்கு ஓர் எழுத்து பொறித்திருப்பார்கள்; ஏ என்றால் 1911, பி என்றால் 1912. அதைத் தேடும்போது சாம்பலும் புளியும் வைத்துத் தேய்த்தே எழுத்தை மழுங்கடித்துவிட்ட குடும்பத்துப் பெண்களை மனதுக்குள் கொஞ்சம் திட்டத் தோன்றும். அவர்கள் சுத்தமாக வைத்திருந்ததால்தான் அது உருக்குப் பட்டறைக்குப் போகாமல் என் கைக்கு வந்திருக்கிறது என்பது அடுத்த நொடி நினைவுக்கு வரும். எழுத்துக்குப் பிறகு கால்கள், கால்கள் தொட்டியோடு சேரும் இடம், பர்னரின் மரை, பம்புக் குழாயின் அடியில் இருக்கும் வால்வு, கடைசியாக ஈயப்பற்று. கோட்டாற்றில் ஸ்டவ் ரிப்பேர் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவரிடம் இதைக் கற்றேன். தொழிற்சாலையில் வைத்த பற்று கோடு கிழித்ததுபோல ஒரே அகலத்தில் ஓடும். தெருவில் வைத்த பற்று திட்டுத் திட்டாக நிற்கும். ஒரு ஸ்டவ்வை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தொட்டி சீமை, பர்னர் பம்பாய், இந்தக் கால் நான் வைத்தது" என்று சொல்லக்கூடியவர். வெளியூர்ச் சேகரிப்பாளர்கள் இப்படி ஒட்டுப்போட்டதைத் தொடவே மாட்டார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். எந்த வருடம் எது உடைந்தது, யார் கை பட்டது என்பதெல்லாம் அந்தப் பற்றுகளில் இருக்கிறது.

பெட்ரோமாக்ஸ் விளக்குகளும் சில உண்டு. அவற்றைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஒன்று மட்டும் இங்கே. வெள்ளை வெளேரென்று ஒளிவிடும் அந்த மேன்டில் வலையின் உயிர், தோரியம். தோரியம் இருப்பது மோனசைட் என்ற கனிமத்தில். மோனசைட் எங்கள் மணவாளக்குறிச்சிக் கடல் மணலில். திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்து 1909இல் அதைக் கண்டுபிடித்தவர் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர். ஊர்த் திருவிழாவுக்கு ஜெர்மன் விளக்கு வந்தது என்று பெருமைப்பட்ட பெரியவர்களிடம், அதன் வெளிச்சம் இங்கிருந்து போனதாகவும் இருக்கலாம் என்று சொன்னால் கொஞ்சம் குழம்பிப்போவார்கள்.

அரக்கு

2006க்குப் பிறகு அரசாங்கம் இலவச எரிவாயு அடுப்பு கொடுக்கத் தொடங்கியதும், பம்பு ஸ்டவ்கள் மொத்தமாகப் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்தன. பிறகு ரேஷன் மண்ணெண்ணெயும் சுருங்க, மிச்சமிருந்தவையும் வந்தன. இப்போது வரத்து குறைவு. திங்கள்சந்தைப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் மட்டும் எனக்காக எடுத்து வைப்பார். பித்தளையை எடைக்குப் போடாமல் வைத்திருப்பதற்குக் கூடுதலாகக் கொடுப்பேன் என்பது அவருக்குத் தெரியும். ஒருநாள் அவர் சாக்குக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்த ஸ்டவ் பார்வைக்கு ஒன்றும் விசேஷமில்லை. இந்தியத் தயாரிப்பு, நடுத்தர அளவு, எண்பதுகளில் எந்த வீட்டிலும் இருந்திருக்கக்கூடியது. விலையும் அதிகம் சொல்லவில்லை. ஆனால் ஒரு காலில் சணல் நூல் சுற்றியிருந்தது. நூலின் முடிச்சில் சிவப்பு அரக்கு, பாதி உதிர்ந்து. நூலில் ஓர் அட்டைத் துண்டு தொங்கியது. அட்டையில் மை முழுவதும் பழுப்பாகி, முதல் எழுத்துகள் மட்டும் தெரிந்தன: சா.பொ. அதற்குப் பக்கத்தில் இருந்த எண்ணைக் கரையான் தின்றிருந்தது.

"அண்ணாச்சி, இது எங்கிருந்து வந்தது?"

"ஏலத்தில் எடுத்த லாட்டில் வந்தது தம்பி. சைக்கிள், அரிவாள், அண்டா எல்லாம் சேர்ந்த லாட்டு. அரக்கைச் சுரண்டிவிட்டுத் தரட்டுமா?"

வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். சா.பொ. என்றால் சான்றுப் பொருள். வழக்கு முடிந்த பிறகு நீதிமன்றம் உத்தரவிட்டால் இவற்றை அழிப்பார்கள், அல்லது ஏலம் விடுவார்கள். ஒரு ஸ்டவ் எதற்குச் சான்றாகப் போகும் என்று கேட்டுக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். பதில் தெரியாமல் இல்லை. தொண்ணூறுகள் வரை தமிழ்ச் செய்தித்தாள் படித்தவர்கள் எவருக்கும் அந்தப் பதில் தெரியும். "ஸ்டவ் வெடித்து இளம்பெண் கருகிச் சாவு." உள்பக்கத்தில், மூன்று அங்குலச் செய்தி. கீழே, திருமணமாகிச் சில ஆண்டுகளே ஆவதால் ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கிறது என்ற கடைசி வரி.

எந்த ஸ்டவ் வந்தாலும் நான் செய்யும் சோதனையை இதற்கும் செய்தேன். முதலில் வெளிப்பார்வை. தொட்டியில் வீக்கம் இல்லை. உள்ளே அழுத்தம் அளவு மீறினால் தட்டையான அடிப்பாகம் முதலில் உப்பும். இது சமமாக நின்றது. ஈயப்பற்றுகள் எல்லாம் இடத்தில் இருந்தன. ஈயப்பற்றின் குணம் என்னவென்றால், இருநூறு டிகிரிச் சூட்டுக்குப் பக்கத்திலேயே இளகத் தொடங்கிவிடும். தொட்டியைச் சுற்றித் தீ நின்று எரிந்திருந்தால் பற்று உருகி வழிந்திருக்கும், கால் கழன்றிருக்கும். இங்கே ஒரு துளிகூட வழியவில்லை. மூடியின் வாஷர் காய்ந்திருந்தது, மரை சுத்தம். பர்னரைக் கழற்றி ஊதினேன். நிப்பிள் துளை திறந்தே இருந்தது, அடைப்பு இல்லை.

பிறகு பம்பைக் கழற்றினேன். பம்புக் கம்பியின் நுனியில் கிண்ணம்போல ஒரு தோல் வாஷர் இருக்கும். ஸ்டவ்வில் தீக்கு முதலில் பலியாகக்கூடிய உறுப்பு அது. பித்தளை தாங்கும், எஃகுக் கால் தாங்கும், தோல் தாங்காது, சுருண்டு கரியாகிவிடும். இந்த ஸ்டவ்வின் வாஷர் வயதால் விறைத்திருந்தது, அவ்வளவுதான். அதன் விளிம்பில் பழுப்பு நிறம் அப்படியே இருந்தது. இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு விரலால் பிசைந்தேன், இளகிக் கொடுத்தது. திரும்ப மாட்டி, மூடியை இறுக்கி, பம்பை அடித்து, வாளித் தண்ணீரில் தொட்டியை அமிழ்த்திப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. இரவு முழுவதும் அப்படியே வைத்துவிட்டுக் காலையில் காற்றுத் திருகைத் தளர்த்தினால், புஸ்ஸென்றது.

அந்த ஸ்டவ் வெடிக்கவில்லை. வெடிப்பதற்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. வேறு எந்த ஸ்டவ்வாக இருந்தாலும் அந்தக் காலையில் எனக்குக் குஷியாக இருந்திருக்கும்.

பெரியம்மா பார்த்தது

என் பெரியம்மா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பல ஊர்களில், பல வார்டுகளில் வேலை பார்த்தவர். அவற்றில் தீக்காய வார்டும் ஒன்று. என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அலமாரி இருக்கும் அறைக்குள் வரமாட்டார், வாசலில் நின்றே பேசுவார். தூசி ஒத்துக்கொள்ளாது என்பார். அன்று ஸ்டவ் கூடத்து மேசையில் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரக்கைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். கைவைக்கவில்லை.

"மக்களே, இதைப் பம்பு அடித்துப் பார்த்தாயா?"

"பார்த்தேன் பெரியம்மா. காற்று நிற்கிறது."

"நிற்கத்தான் செய்யும்," என்றார்.

அதன் பிறகு அவர் சொன்னதை அவர் சொன்ன நிதானத்திலேயே எழுத முடிந்தால் நன்றாயிருக்கும். கூட வருகிறவர்கள் எல்லோரும் ஸ்டவ் வெடித்தது என்றே சொல்வார்கள். ஓ.பி. சீட்டிலும் அப்படியே எழுதப்படும். நாங்கள் வாயைக் கேட்கமாட்டோம், உடம்பைப் பார்ப்போம். அடுப்படியில் சேலை பற்றிக்கொண்டால் தீ கீழிருந்து மேலே ஏறும். தொடை, வயிறு, நெஞ்சு, அணைக்கப் போன கைகள். தலைமுடி பல நேரம் தப்பியிருக்கும். தலையிலிருந்து ஊற்றினால் வேறு மாதிரி. முடியில் மண்ணெண்ணெய் வாடை இருக்கும். "நாங்கள்தானே மக்களே முடியை வெட்டி எடுப்பது. கையில் அந்த வாடை போக இரண்டு நாள் ஆகும்." மாஜிஸ்திரேட் வந்து மரண வாக்குமூலம் எடுக்கும்போதும் அந்தப் பெண்ணே ஸ்டவ் வெடித்தது என்று சொல்லிவிடுவதும் உண்டாம். வெளியே வராந்தாவில் மாமியாரின் இடுப்பில் அவள் குழந்தை இருக்கும். தான் போன பிறகு அந்தக் குழந்தைக்குச் சோறு போடப்போவது யார் என்ற கணக்கு அவளுக்குத் தெரியும்.

"எங்களிடம் ஒருத்தி சொன்னாள், 'சிஸ்டர், எங்கள் வீட்டில் ஸ்டவ்வே கிடையாது, விறகுதான்' என்று. சீட்டில் ஸ்டவ் என்றுதான் இருந்தது."

நான் வழக்கமான என் பாடத்தை இவரிடம் எடுக்கத் துணியவில்லை. எடுக்கவும் தேவையில்லை, அதை எனக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தவர் அவர்தான். தொட்டி, அழுத்தம், நிப்பிள் என்று அவர் பேசவில்லை. ஆனால் ஸ்டவ் வெடிப்பதில்லை என்ற என் முடிவுக்கு அவர் வேறொரு வழியில் எப்போதோ வந்து சேர்ந்திருந்தார். நான் அதை ஸ்டவ்வுக்கு ஒரு நற்சான்றிதழாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரைப் பொறுத்தவரை அது வேறு யாரோ ஒருவர் மேல் போகிற குற்றச்சாட்டு. அலமாரியிலிருந்து தள்ளி நின்ற மற்றப் பெண்களுக்கும் தொட்டியின் அழுத்தத்தைப் பற்றிய பயம் இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

யார் மேல் சட்டம் போட்டார்கள்

நிஜ விபத்தே கிடையாது என்று எழுதிவிட முடியாது. பம்பு ஸ்டவ்வில் பெண்கள் கருகியதும் கொஞ்சநஞ்சமல்ல. பர்னர் சூடேறுவதற்கு முன் பம்பை அடித்துவிட்டால் எண்ணெய் திரவமாகவே நிப்பிள் வழியாகப் பீச்சியடித்து, மஞ்சள் தீ ஆள் உயரத்துக்கு எழும்பும். எரியும்போதே எண்ணெய் தீர்ந்துபோய், அணைக்காமல் மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் அழுத்தம் எண்ணெயைத் தூவானமாக வெளியே தள்ளும். பக்கத்திலேயே சூடான பர்னர். மண்ணெண்ணெயில் பெட்ரோல் கலந்திருந்தால் சொல்லவே வேண்டாம். மலிவுப் பட்டறைகளின் மெல்லிய தகட்டுத் தொட்டிகள் பிளந்ததும் உண்டு. இதற்கெல்லாம் மேலே நைலான் சேலை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றில் வெடிப்பு என்று ஒன்று நடப்பதில்லை, தொட்டி முழுசாகவே நிற்கும். தொட்டி பிளந்தாலோ, பிளந்த அடையாளம் இருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல பெரிய விஞ்ஞானம் ஒன்றும் வேண்டாம். கோட்டாற்று அண்ணாச்சி இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துச் சொல்லியிருப்பார்.

பிரிட்டனில் ஐம்பதுகளில் வீட்டுக்கு வீடு மண்ணெண்ணெய் ஹீட்டர். அலாடின், வேலர் என்று நாங்கள் இன்று தேடித் தேடி வாங்குகிறவை எல்லாம் அந்தக் காலத்தவை. அவை கவிழ்ந்தும் காற்றில் தீ கிளம்பியும் வீடுகள் எரிந்தன, குழந்தைகள் இறந்தார்கள். 1960இல் நாடாளுமன்றம் எண்ணெய் ஹீட்டர்களின் பாதுகாப்புத் தரத்துக்கென்றே ஒரு சட்டம் போட்டது. அங்கே குற்றவாளி பொருள், எனவே பொருளைத் திருத்தினார்கள். ஒரு ஹீட்டர் அந்தச் சட்டத்துக்கு முந்தியதா பிந்தியதா என்று பார்ப்பதுகூடச் சேகரிப்பாளர்களுக்கு அடையாளம் காணும் வழிகளில் ஒன்று. நம் நாட்டிலும் ஸ்டவ்வுக்குத் தர முத்திரை உண்டு. ஆனால் அந்த மூன்று அங்குலச் செய்திகள் பெருகியபோது நாடாளுமன்றம் திருத்தியது ஸ்டவ்வை அல்ல. 1961இல் போட்ட வரதட்சணைத் தடைச் சட்டம் போதவில்லை என்று 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு வந்தது; கணவனும் அவன் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கு. 1986இல் 304பி, திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தீக்காயத்தாலோ இயற்கைக்கு மாறாகவோ இறந்து, அதற்குச் சற்று முன்பு வரதட்சணை கேட்டுக் கொடுமைப்படுத்தியிருந்தால், அதை வரதட்சணைச் சாவாகவே கொள்வது. சமையலறைச் சாமானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாத அந்தப் பிரிவுகளில், அந்தச் சாமான் மேல் போட்ட பழியை நாடாளுமன்றம் நம்பவில்லை என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது.

எங்கள் மாவட்டத்துக்கு இதில் தனிச் சலுகை ஏதும் கிடையாது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம், 91.75 சதவீதம். அதே வீடுகளில் பெண் பார்க்கும்போது சவரன் கணக்குப் பேசுவதைக் கேட்டிருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பட்டம் கூடினால் சவரனும் கூடும்.

இத்தனையையும் ஒரு தோல் வாஷரிலிருந்து நான் படித்துவிட்டதாக எழுதினால் அது இன்னொரு நெய்யூர் டாக்டர் கதை ஆகிவிடும். பெரியம்மாவிடமே இதைச் சொன்னேன். ஸ்டவ் முழுசாக இருந்ததை வைத்துத்தான் அரசுத் தரப்பு வழக்கை நிரூபித்ததோ என்னவோ, அதற்காகவே அது நீதிமன்றம் போயிருக்கலாம். அப்படியானால் யாரோ ஓர் இன்ஸ்பெக்டர் ஒழுங்காகப் பார்த்திருக்கிறார். அல்லது எதிர்த்தரப்பு வென்றிருக்கலாம். அல்லது இது தீக்காயமே இல்லாத வழக்காகவும் இருக்கலாம், பாத்திரத் திருட்டு வழக்குகளில் அண்டாவோடு ஸ்டவ்வும் பிடிபடும். பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "திருட்டாகவே இருக்கட்டும்" என்றார். விட்டுக்கொடுத்தாரா, வேண்டிக்கொண்டாரா என்று குரலை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை.

வெளியூர்ச் சேகரிப்பாளர் ஒருவருக்குப் படம் அனுப்பியிருந்தேன். அரக்கோடு இருந்தால் விலை கூடும், அப்படியே தரச் சொன்னார். கொடுக்கவில்லை. அலமாரியில் மற்றவற்றோடு வைக்கவும் மனம் வரவில்லை, மேசையிலேயே இருக்கிறது. என் பதிவேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் தயாரிப்பு, காலம், கிடைத்த இடம், நிலை என்று கட்டம் போட்டிருப்பேன். இதற்கு நிலை என்ற கட்டத்தில் எழுதினேன்: தொட்டி வீக்கமில்லை, கசிவில்லை. பற்று உருகவில்லை. நிப்பிள் அடைப்பில்லை. தோல் வாஷர் தீப்படவில்லை. காற்று ஓர் இரவு நின்றது. பெரியம்மா அதை வாசித்துவிட்டு, பேனாவை வாங்கி, அடியில் "வழக்கு: தெரியாது" என்று தன் நர்ஸ் கையெழுத்தில் சேர்த்தார். தெரியாததையும் எழுதிவைக்க வேண்டும், வெற்றிடம் விட்டால் பின்னால் யாராவது எதையாவது எழுதிக்கொள்வார்கள் என்பது அவர் வார்டில் பழகிய பழக்கம்.

புறப்படும்போது வாசலில் நின்று, எரிவாயு சிலிண்டர் சொன்ன நாளில் வருவதில்லை, அவசரத்துக்கு ஒரு ஸ்டவ் இருந்தால் தேவலை, உன்னிடம்தான் இவ்வளவு கிடக்கிறதே என்றார். நான் ஆச்சரியத்தைக் காட்டிக்கொள்ளாமல், எது வேண்டும் என்றேன்.

"திரி வைத்தது தா. பம்பு வேண்டாம்."

இந்தியன் ஆயில் ஆராய்ச்சிக்காரர்கள் உருவாக்கிய நூதன் ஒன்று நல்ல நிலையில் இருந்தது. எல்லாத் திரிகளையும் மாற்றி, தொட்டியைக் கழுவி, பையில் போட்டுக் கொடுத்தேன். ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைக்காதே, எங்கே போவீர்கள் என்று கேட்டேன்.

"குளச்சலில் வள்ளத்துக்கு எஞ்சின் வைத்திருக்கிறவர்களில் பாதிப்பேர் என் கையில் பிறந்தவர்கள். ஒரு லிட்டர் தரமாட்டார்களா?" என்று சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.